கேட்டுவைச் சும்மா கூப்பிட்டால்

திங்கட்கிழமை காலை நீ கோகிலாவைத் திட்டினாய்.

பாவம், அவள் புதுசு. இன்னும் முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சடையங்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வருகிறவள். எங்கள் கன்டெய்னர் யார்டு வாசலில் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அந்தப் பதற்றத்தில் கன்டெய்னர் எண்ணை அடித்தவள் லாரி எண்ணை விட்டுவிட்டு என்டரைத் தட்டினாள். கறுப்புத் திரையில் நீ வந்துவிட்டாய்.

“இன்னாமா, லாரி நம்பர் எங்க? கன்டெய்னர் இன்னா நடந்தா போவும்?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவளுக்குப் பின்னால் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். “யாருக்கா இத்த எழுதனது? எங்க தெருவுல குந்திகினு பேசற மாதிரியே கீது” என்றாள்.

“என் தோஸ்து” என்றேன்.

“எந்த செக்‌ஷன்ல கீறாங்க?”

என்ன சொல்வது? “இந்த செக்‌ஷன்தான்” என்று சொல்லிவிட்டு, டீ ஆறிவிடும் என்பதுபோல் என் அறைக்கு வந்துவிட்டேன். நீ போய் இரண்டாவது மழைக்காலம் நடக்கிறது. எழுதி வைத்த வரிகளை நான் தினமும் பார்க்கிறேன், பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். வேறு ஒருத்தி முதல் தடவையாக உன்னைக் கேட்டுச் சிரித்ததும் எனக்கு நீ இன்னொரு தடவை போனதுபோல் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு மதியம் வரைக்கும்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். எல்லா யார்டுகளின் மென்பொருளையும் ஒன்றாக இணைக்கிறார்களாம். நம் கேட் புரோகிராமில் இருக்கும் ‘முறையற்ற, புரியாத வாசகங்களை’ எடுத்துவிட்டு, அவர்கள் இணைத்திருக்கும் ஆங்கில வாக்கியங்களைப் போட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள். அதாவது, வெள்ளிக்கிழமைக்குள் நான் உன் வாயை மூட வேண்டும்.

உனக்கு அந்தப் புரோகிராமை நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் நம் கதையை எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இந்த யார்டில் சேர்ந்தோம். மணலி புதுநகர் தாண்டி, எண்ணூருக்குப் போகிற லாரிகளின் புழுதியில் பாதி மறைந்த ஆபீஸ். நீ வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. நான் ராயபுரம் மளிகைக் கடை வீட்டுப் பெண், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் திருநெல்வேலி நாக்கு. முதல் நாள் உன்னை “ஏட்டி” என்று கூப்பிட்டுவிட்டேன். நீ திரும்பி, “ஏட்டின்னா இன்னாமே, திட்றியா கொஞ்சறியா?” என்று கேட்டாய். இரண்டும்தான் என்றேன். “அப்ப எங்க ‘மே’ மாதிரி” என்று கை கொடுத்தாய். அன்றிலிருந்து நான் உனக்கு ‘மே’, நீ எனக்கு ‘ஏட்டி’. உன் மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கையகல புத்தர் ஒன்று இருக்கும். என் மேஜையில் வேளாங்கண்ணி மாதா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி அந்தப் புழுதியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது இருவருமே என் மேஜையில்தான்.

நமக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த பழைய புரோகிராம் ஒன்று வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ‘கேட்’. நம் வாயில் அது ‘கேட்டு’. கறுப்புத் திரையில் அந்தப் பெயரை அடித்து, பின்னாலேயே உள்ளேயா வெளியேயா, கன்டெய்னர் எண், டிரைவர் பெயர், லாரி எண் என்று வரிசையாக அடிக்க வேண்டும். அப்படிப் பின்னால் அடிக்கிற சொற்களுக்கு ஆர்கியுமென்ட் என்று பெயர். “ஆர்கியுமென்ட் இல்லாம நம்ம ஊர்ல ஒரு லாரி நகருமா?” என்று நீ அதற்குப் பொருள் சொன்னாய். புரோகிராம் எல்லாவற்றையும் சரிபார்த்து, சீட்டை அச்சடித்து, கடைசியில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு முடியும். அந்த எண் திரையில் தெரியாது. வாசலில் இருக்கும் குறுக்குக் கட்டையின் மோட்டாருக்கு மட்டும்தான் அது தெரியும். எண் பூஜ்யம் என்றால் கட்டை தூக்கும். வேறு எந்த எண் வந்தாலும் தூக்காது.

பூஜ்யம்தான் பாஸ் என்று கேள்விப்பட்டதும் நீ அடித்த கூத்து இருக்கிறதே! “ஸ்கூல்ல முட்டை வாங்கனா எங்கம்மா தொடப்பத்த எடுப்பா. இங்க முட்டை வாங்கனாதான் வழி வுடுவானா? இத்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் அப்பவே இன்ஜினீயரு” என்று ஆபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாய். அன்றிலிருந்து நம் இடத்தில் எல்லாருக்கும் முட்டை என்றால் நல்ல செய்தி. வங்கிக் கடன் கிடைத்ததா, முட்டையா? மகன் பிளஸ் டூ பாஸா, முட்டையா? வெளியாள் யாராவது கேட்டால் நம்மைப் பைத்தியம் என்பார்கள்.

அந்தப் பழைய புரோகிராமின் வண்டவாளம் ஒரு நாள் வெளியே வந்தது. டிரைவர் ஒருவர் ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்டி, “ஏம்மா, நான் லாரியா?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தால், டிரைவர் என்ற இடத்தில் ‘எம்.’ லாரி என்ற இடத்தில் ‘ஏழுமலை’. நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டு ஓர் இடைவெளி விடுவோம் இல்லையா? கம்ப்யூட்டருக்கு இடைவெளி வந்தால் அடுத்த சொல். எம். என்பவர் ஓர் ஆள், ஏழுமலை என்பது அவர் ஓட்டுகிற வண்டி என்று அது முடிவுகட்டிவிட்டது. கடைசியில் மிச்சமாய் நின்ற நிஜமான லாரி எண்ணை அது கண்டுகொள்ளவே இல்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ மட்டும் அவரிடம் மரியாதையாக, “உங்க அப்பாவத் தனியா வுட்டுட்டாங்கண்ணே. சேத்து வெச்சிர்றேன்” என்றாய். அதற்கு மேற்கோள் குறி போட்டால் போதும். பெயருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அப்பாவும் பிள்ளையும் ஒரே சொல்லாகிவிடுவார்கள்.

பழைய பதிவுகளைக் கிளறியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அதைப் பார்த்து நீ சிரிக்கவில்லை. கன்டெய்னருக்கு சுங்க அனுமதி வராவிட்டால் அந்தப் புரோகிராம் திரையில் பெரிதாக ‘எர்ரர்’ என்று காட்டும். காட்டிவிட்டு, முடியும்போது முட்டையைக் கொடுத்துவிடும். கட்டை தூக்கிவிடும். அப்படி ஒரு லாரி போக வேண்டிய நாளுக்கு முன்னாலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறது. வாசலில் இருந்தவரைத் திட்டியிருக்கிறார்கள். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். “வாய்ல இல்லன்றான், கைய தூக்கி போன்றான். இன்னா டபாய்க்கிற வேலை இது? மிஷினு எத்த நம்பும்? ஆளு எத்த நம்பும்?”

அன்றைக்கு நாம் கேட்டுவை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தோம். கணக்குப் போடுவது, பதிவுகளைத் தேடுவது எல்லாம் நான். வருகிற சொற்களைச் சரிபார்ப்பதும், தப்பு வந்தால் சொல்வதும் நீ. எண்களை நீதான் வகுத்தாய். எல்லாம் நல்லபடி என்றால் முட்டை. கூப்பிட்ட விதமே தப்பு, அதாவது ஆர்கியுமென்ட் குறைந்தாலோ கூடினாலோ, இரண்டு. கன்டெய்னரே யார்டில் இல்லை என்றால் மூன்று. சுங்க அனுமதி வரவில்லை என்றால் நான்கு. “பேச்சு ஆளுக்கு, நம்பரு கட்டைக்கு. பேச்ச எப்ப வோணா மாத்திக்கோ. நம்பர மட்டும் தொட்ட, கொன்னுடுவேன்” என்றாய்.

பேச்சு ஆளுக்குத்தான் என்றால், ஆள் யார்? வாசலில் உட்காருகிறவர்கள் எல்லாரும் எண்ணூர், திருவொற்றியூர், சடையங்குப்பம். ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’ என்று திரையில் வந்தால் அவர்கள் உடனே மேனேஜருக்குப் போன் போடுவார்கள். அவர் நமக்குப் போன் போடுவார். அதனால் நீ உன் பாஷையிலேயே எழுதினாய். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது, ஆகையால் ஆங்கில எழுத்தில் மெட்ராஸ் பாஷை. பெயரில் மேற்கோள் இல்லையா? “அப்பா ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கமா? ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுபா.” அனுமதி இல்லையா? “மேல க்ளியரன்ஸ் வரல. ஓரமா நிறுத்து, டீ குட்ச்சிட்டு வா.”

மேனேஜர் பார்த்துவிட்டுக் குதித்தார். “இது ஆபீசா, மீன் மார்க்கெட்டா? என்னம்மா கலீஜா எழுதி வெச்சிருக்கே?” என்று கேட்டார். கலீஜ் என்ற சொல்லே யாருடைய சொல் என்று அவருக்குத் தோன்றவில்லை. நீ கோபப்படவே இல்லை. “சார், ஒரு வாரம் வுடுங்க. உங்க போன் அடிக்குதா பாருங்க” என்று மட்டும் சொன்னாய். அந்த வாரம் அவர் போன் நிம்மதியாக இருந்தது. அடுத்த திங்கள் அவரே வாசலுக்குப் போய் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வேண்டுமென்றே தப்பாக அடித்து, உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒன்று மிச்சம் இருந்தது. பின்னால் ஒன்றுமே கொடுக்காமல் வெறும் ‘கேட்’ என்று மட்டும் அடித்தால் என்ன சொல்வது? எனக்கு ஒரு பழக்கம் உண்டே, உன்னை “ஏட்டி” என்று கூப்பிடுவேன், நீ திரும்பினால் சொல்ல ஒன்றும் இருக்காது. உன்னை அது பேஜார் பண்ணியது. அந்த எரிச்சலை அப்படியே தூக்கி அங்கே போட்டாய். “இன்னாமே, சும்மா கூப்ட்ற? இன்னா வோணும் சொல்லு.” மற்ற வரிகளிலெல்லாம் ‘மா’ என்றும் ‘பா’ என்றும்தான் இருக்கும். ‘மே’ வருவது அந்த ஒரு வரியில் மட்டும். அது எனக்காக எழுதியது என்று நீ சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

போன மழைக்கு முந்தின மழையில் படுத்தாய். மாங்காய் சீசன் வருவதற்குள் போய்விட்டாய். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்க, நீ எல்லாருக்கும் “சோக்கா கீறேன்” என்றாய். நான் மட்டும் “முட்டையா?” என்று கேட்டேன். நீ கூரையைப் பார்த்தபடி, “நாலுதான்மே. மேல க்ளியரன்ஸ் வரல” என்றாய். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் நம் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தாள். யாரிடமும் பொய் சொல்லாமல் இருக்க முடியாத நேரத்தில், என்னிடம் நீ நிஜமான எண்ணைச் சொன்னாய். அதற்காக உனக்கு நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று கேட்க எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ கண்ணைத் திறந்து, “இன்னாமே, சும்மா வந்து குந்திகினு கீற?” என்றாய். “சும்மாதான் ஏட்டி” என்றேன். “சும்மா வந்தா ரெண்டு” என்றாய். கையை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது மெயிலுக்கு வருகிறேன். திங்கள் மாலை அவர்கள் அனுப்பிய ஆங்கில வாக்கியங்களைத் திறந்து பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தன. செவ்வாயும் புதனும் அந்தக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாகப் போயிற்று. எனக்குக் கோபம் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். வெளியே சொல்லாமல் டம்ளர்களை டங்கென்று வைப்பேன். கோகிலாதான் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. “அந்தக்கா திட்னாதான் எனக்குப் புரியுதுக்கா. இங்கிலீஷ்ல திட்டனா நான் யார கேப்பேன்?” என்றாள்.

வியாழக்கிழமை வீடியோவில் தலைமை அலுவலகத்துப் பையனோடு பேச்சு. பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, பிள்ளை குட்டிக்காரர், பெங்களூரிலிருந்து பேசுகிறார், மரியாதையானவர். முதல் கேள்வியே, “மேடம், ‘இன் நேம்’ என்று ஒரு ஃபீல்டு உங்கள் மெசேஜில் இருக்கிறது. பதிவுகளில் தேடினோம், அப்படி ஒன்றும் கிடைக்கவில்லையே?” எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ‘இன்னாமே’ என்பதை ஆங்கில எழுத்தில் ‘inname’ என்று நீ எழுதியதை அவர்கள் ‘இன் நேம்’ என்று படித்துவிட்டு, இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! நான் சிரித்த சிரிப்பில் அவரும் காரணம் தெரியாமல் சிரித்தார். பிறகு அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இந்த முறை காரணம் தெரிந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன். “உங்கள் மென்பொருள் எங்கள் வார்த்தையைப் படிக்கிறதா, எண்ணைப் படிக்கிறதா?”

“எண்ணைத்தான் மேடம். எண்கள் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றன. எந்த யார்டிலும் இப்படி இல்லை” என்றார். இதை உனக்கு அப்படியே ஒப்பித்துவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். “ஆனால் மெசேஜ்களும் இங்கே சேகரமாகின்றன. வெளிநாட்டு ஆடிட்டர் பார்ப்பார். அவருக்கு நான் இன்னாமேயை எப்படி விளக்குவேன்?”

அவர் கேட்டதும் நியாயம்தான். பேச்சு ஆளுக்கு என்று நீதானே சொன்னாய்? அவர்களும் ஆட்கள்தான். அதனால் ஒரு வழி சொன்னேன். தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டுவைக் கூப்பிடும்போது கடைசியில் ஒரு சொல்லைக் கூடுதலாக ஒட்டட்டும். அந்தச் சொல் இருந்தால் புரோகிராம் ஆங்கிலத்தில் பேசும். இல்லாவிட்டால் எப்போதும்போலப் பேசும். எண்கள் இரண்டிலும் ஒன்றே.

அவர் யோசித்தார். “அதைத் திருப்பிப் போடலாமே? ஒன்றும் சொல்லாவிட்டால் ஆங்கிலம். உங்கள் பாஷை வேண்டுகிறவர்கள் கூடுதல் சொல்லைப் போடட்டும்.”

கேட்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றில்லை. ஹாரன் சத்தத்தில் லாரி எண்ணையே மறக்கிற கோகிலா, உன்னைக் கூப்பிடவென்று இன்னொரு சொல்லை நினைவு வைத்து அடிப்பாளா? அடுத்து வருகிறவளுக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது. கொஞ்ச நாளில் நீ பெட்டிக்குள் போய்விடுவாய், யாரும் திறக்க மாட்டார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். “தப்பு செய்கிறவர்கள் வாசலில் இருக்கிறார்கள் சார். தப்பு செய்கிறவருக்குத்தான் பேச்சு. அவர்களிடம் கூடுதலாக ஒரு சொல் கேட்பது சரியில்லை. நீங்கள் ஒரு தடவை எழுதி வைத்தால் போதும், மெஷின் மறக்காது” என்றேன். கோகிலா என் பின்னாலிருந்து கேமராவுக்குள் தலையை நீட்டி, “ஆமா சார்” என்றாள்.

அவர் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். “அப்போ டீஃபால்ட் எது மேடம், ஒன்றும் சொல்லாவிட்டால் வருவது?” என்று கேட்டார், எழுதிக்கொள்வதற்காக.

“அவதான்” என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இன்று வெள்ளி. மாற்றங்களைச் செய்து, எல்லா எண்களையும் சோதித்துப் பார்த்து அனுப்பிவிட்டேன். கூடுதல் சொல்லைச் சேர்த்தால் இஸ்திரி போட்ட ஆங்கிலம். சேர்க்காவிட்டால் நீ. முட்டைக்கு முட்டை, நான்குக்கு நான்கு, ஒன்றும் பிசகவில்லை. மூன்று மணிக்கு மழை நின்று, யார்டு முழுக்க டீசலும் ஈர இரும்புமாக மணக்கிறது. வெளியே கோகிலா யாரையோ, “டிரைவரண்ணே, உங்க அப்பாவ சேத்துக் கட்டணுமாம், இருங்க” என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். உன் வரி அவள் வாய்க்கு வந்துவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் நான் ஒரு காரியம் செய்வேன். நீ போனதிலிருந்து செய்துவருகிறேன், யாருக்கும் தெரியாது. கறுப்புத் திரையைத் திறந்து ‘கேட்’ என்று மட்டும் அடித்து, பின்னால் ஒன்றுமே கொடுக்காமல் என்டரைத் தட்டுவேன். தப்பான அழைப்பு. புரோகிராம் இரண்டு என்று முடியும், கட்டை தூக்காது. அதெல்லாம் எனக்குத் தெரியும் ஏட்டி.

இப்போதும் தட்டினேன்.

“இன்னாமே, சும்மா கூப்ட்ற? இன்னா வோணும் சொல்லு.”

ஒன்றும் வேண்டாம். சும்மாதான்.